ஒரே இருக்கையில் இரண்டு துண்டு

என்ன வேலை பார்க்கிறாய் என்று அப்பா கேட்டபோது, "ரேஸ் கண்டிஷனைச் சரி பண்றேன்பா" என்று ஒருமுறை சொல்லித் தொலைத்துவிட்டேன். அப்பா தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். அவ்வப்போது ஈப்போவுக்கு இறங்கிக் குதிரைப் பந்தயம் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு மலை ஏறுகிறவர். அன்று முதல் என்னிடம் மிகுந்த மரியாதையாக நடந்துகொண்டார். சனிக்கிழமைக் காலைகளில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "எது கண்டிஷனா இருக்கு?" என்பார். இயக்க முறைமை, வலையமைப்பு என்றெல்லாம் விளக்கிப் பார்த்தேன். "சொல்ல இஷ்டமில்லன்னா விடு லா" என்று எழுந்து போய்விடுவார். உள்விவரம் தெரிந்தும் பெற்ற அப்பனுக்குச் சொல்லாத மகன் என்ற மனக்குறையோடுதான் அவர் கண்ணை மூடினார்.

சென்ற மாதம் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் போனில் பேசினார்கள். அந்த மாதிரிப் பிழைகளை இப்போது கம்ப்யூட்டரே தேடிப் பிடித்துக் கோடு போட்டுக் காட்டிவிடுகிறதாம். சந்தோஷம்தான். கொஞ்சம் வயிற்றெரிச்சலும்தான். "நீங்கல்லாம் எப்படி சார் பிடிச்சீங்க?" என்று கேட்டார்கள். வரிசையில் முதலில் நிற்க ஆள் கிடைக்காமல் போனதால் பிடித்தோம் என்றேன். புரியலையே சார் என்றார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளில் நான் தோட்டத்துத் தொழிற்சாலையில் மின்சாரக்காரருக்குக் கையாளாக இருந்தேன். பிறகு கோலாலம்பூரில் மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தேன். படித்ததில் பாதி புரியவில்லை. புரிந்த பாதி பரீட்சையில் வரவில்லை. எப்படியோ தேறி, சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்களை அலுவலகங்களுக்கு விற்றுப் பொருத்தித் தரும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். அங்கே என் மேலதிகாரி மாணிக்கராஜ் சார்.

சாரின் வாயில் ஆமாம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. "இருக்கலாம்" என்பார். மழை பெய்கிறதா சார் என்று கேட்டால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நனைந்த கையைத் துடைத்துக்கொண்டு, "இருக்கலாம்" என்பார். நல்லவேளை, நம் கல்யாணங்களில் மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் இல்லை, கேட்டிருந்தால் நான் இன்னும் மணவறையில்தான் உட்கார்ந்திருப்பேன் என்று அவர் மனைவி சொல்வார்.

நிரலில் பிழை வந்தால் எங்களைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார விடமாட்டார். நிற்க வைப்பார். நிரலின் ஒவ்வொரு வரியையும் ஆள் ஆளாக நடித்துக் காட்ட வேண்டும். மேசையின் மேல் தேநீர்க் கோப்பை, தீப்பெட்டி என்று கைக்குக் கிடைத்ததை வைத்து, "இதுதான் நினைவகம், இதுல கொண்டுபோய் வை" என்பார். நான் ஒரு வேலையாக நடந்துகொண்டிருக்கும்போதே, பாதியில் கையைத் தூக்கி, "நீ நில்லு. இப்ப நான் போறேன்" என்று தன் வேலையைத் தொடங்குவார். கம்ப்யூட்டர் அப்படித்தான் செய்கிறது. ஒரு வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு இன்னொன்றைப் பார்க்கும். எந்த இடத்தில் நிறுத்தும் என்று சொல்ல முடியாது. சாரும் சொல்லமாட்டார். கோப்பையைத் தூக்கியபடி ஒற்றைக் காலில் நான் நின்ற நாட்கள் உண்டு.

பூட்டு என்று புத்தகத்தில் போட்டிருந்த சமாச்சாரத்தை அவர்தான் எனக்கு விளக்கினார். தீபாவளிக்கு முந்தின நாள் எங்கள் மலை நகரமான தானா ராத்தாவில் பஸ் பிடிக்கிற கதையாக விளக்கினார்.

"ஜன்னல் வழியா பாக்கிற. சீட் காலியா இருக்கு. துண்டப் போடுற. நீ பாத்ததுக்கும் போட்டதுக்கும் நடுவுல, அந்தப் பக்க ஜன்னல்ல ஒருத்தன் அவன் துண்டப் போட்டுட்டான். இப்ப யாரு ஒக்காருவா?"

"பலசாலி சார்."

"கம்ப்யூட்டர்ல பலசாலி கெடையாதுப்பா. ரெண்டு பேரும் ஒக்காந்துருவாங்க. அதான் ரேஸ் கண்டிஷன். பாக்கிறதும் போடுறதும் ஒரே அசைவா இருக்கணும். நடுவுல மூச்சு விடக்கூட எடம் இருக்கக்கூடாது. அதுக்கு மெஷின்ல தனியா ஒரு கட்டளை இருக்கு."

அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் பூட்டுக்குப் பெயர் துண்டு. நிரலிலும் அப்படியே எழுதினோம். பின்னால் அதைப் படித்த சீன நண்பர் ஒருவர் அது ஏதோ பெரிய விஞ்ஞானியின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

எண்பதுகளின் நடுவில் நான் பிறந்த தோட்டத்துக்கே எங்களை அனுப்பினார்கள். கொழுந்து நிறுக்க அங்கே இரண்டு கொட்டகைகள், மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. இரண்டிலும் பொத்தான் வைத்த பெட்டி ஒன்றைப் பொருத்தினோம். தேயிலைக்கு நடுவே கம்பி இழுத்து, தோட்டத்து ஆபீசில் இருந்த கம்ப்யூட்டரோடு சேர்த்தோம். கொட்டகைக் கிராணி, அதாவது எடை எழுதும் குமாஸ்தா, தராசைப் பார்த்து, ஆளையும் எடையையும் அடித்துப் பொத்தானை அழுத்தினால், ஆபீசில் பட்டியல் தயாராகும். கம்ப்யூட்டரின் இயக்க முறைமை வெளிநாட்டுச் சரக்கு. கம்பியில் வரும் செய்தியை வாங்கி உள்ளே வைக்கிற வலையமைப்புப் பகுதியை மட்டும் சாரும் நானும் எழுதிப் பொருத்தியிருந்தோம்.

தொழிற்சாலைச் சங்கு ஊதிய பிறகுதான் இரண்டு கொட்டகையிலும் நிறுக்கலாம் என்பது தோட்டத்துச் சட்டம். கீழ்க் கொட்டகைக் கிராணி பெருமாள் அண்ணனுக்கு அதற்கு மேல் இன்னொரு சட்டம் இருந்தது. முதல் கூடை அங்கம்மா அக்காவுடையதாக இருக்க வேண்டும். அக்காவுக்குக் கைராசி உண்டு என்று தோட்டமே நம்பியது. புதுக் கூடையா, புது வீடா, வளைகாப்பில் முதல் வளையலா, அக்காவின் கை பட வேண்டும். கொழுந்து எடுப்பதிலும் அவரை அடிக்க ஆள் இல்லை. அக்காவின் கூடையை முதலில் தூக்கினால் அன்று முழுக்கத் தராசு மக்கர் பண்ணாது என்பது பெருமாள் அண்ணனின் கணக்கு.

மேல் கொட்டகையில் முதலில் நிற்பவர் பாப்பம்மா அக்கா. அதற்கும் கைராசிக்கும் சம்பந்தமில்லை. கொழுந்து எடுக்கும் நேரத்திலும் அவர் கொட்டகைப் பக்கமாகவே இருப்பார். கூடையும் லேசு. சங்கு ஊதியதும் இரண்டே எட்டில் முன்னால் வந்து நின்றுவிடுவார்.

மெஷின் வந்து சில நாட்களில் பட்டியல் வெளியானது. பாப்பம்மா அக்கா முதலிடம். அங்கம்மா அக்கா கடைசிக்குப் பக்கத்தில்.

தோட்டம் கொஞ்ச நேரம் சிரித்தது. அடுத்த பட்டியலும் அப்படியே வந்தபோது சிரிப்பு நின்றது. துரை, அதாவது எங்கள் மேனேஜர், பாப்பம்மா அக்காவை ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு கம்பளியைப் பரிசாகக் கொடுத்தார். முதலில் அக்காவுக்கே சந்தேகம்தான். கம்பளியைப் போர்த்திப் பார்த்ததும் தெளிந்துவிட்டது. "எனக்கே தெரியாமப் போச்சு தம்பி, எனக்குள்ள இவ்வளவு இருக்குன்னு" என்று என்னிடம் சொன்னார்.

அங்கம்மா அக்கா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "இது என் கூடையோட எடை இல்ல" என்றார். பெரிய கிராணி பட்டியலின் அடியைக் காட்டினார். இரண்டு கொட்டகையின் மொத்தமும் தொழிற்சாலையில் வந்து இறங்கிய கொழுந்தும் ஒத்துப்போயின. மொத்தம் சரியாக இருக்கும்போது மெஷின் எப்படித் தப்பாகும் என்று கேட்டார். பெருமாள் அண்ணன், தராசில் கனமாகத்தான் இருந்தது, நான் சரியாகத்தான் அடித்தேன் என்று சத்தியம் செய்தார். அவருக்குக் கண் தெரியவில்லை என்று முடிவு செய்து கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு அடித்தபோதும் அதே கதைதான்.

நான் கீழ்க் கொட்டகைக்குப் போய், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, பல தடவை அடித்துச் சோதித்தேன். ஒவ்வொரு தடவையும் எடை சரியாகப் போய்ச் சேர்ந்தது. "மெஷின்ல கோளாறு இருக்குமா சார்?" என்று துரை மாணிக்கராஜ் சாரைக் கேட்டார். சார் வழக்கமான பதிலைச் சொன்னார். துரைக்கு அது போதவில்லை. மாதக் கடைசியிலும் அங்கம்மாவின் பெயர் அடியில் இருந்தால் கொழுந்து வேலையிலிருந்து எடுத்துப் புல்வெட்டுக் கூட்டத்தில் போடு என்று உத்தரவு போட்டுவிட்டார்.

அக்காவுக்குப் புல்வெட்டுகூடப் பெரிதில்லை. தராசில் இருந்த கனம் ஆபீசுக்குப் போவதற்குள் கரைகிறது என்றால் அதற்குத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் ஒரே விளக்கம்தான் இருந்தது. ராசி போய்விட்டது. அந்த வாரம் பக்கத்து வீட்டில் வளைகாப்பு. அக்காவையும் அழைத்திருந்தார்கள். முதல் வளையலைப் போடப் பாப்பம்மா அக்காவைக் கூப்பிட்டார்கள். அங்கம்மா அக்கா எல்லோரோடும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். என் அம்மாவிடம், "நல்லா போட்டுச்சு, பாவம், அதுக்குப் பழக்கமில்ல" என்று மட்டும் சொன்னாராம். என் நிரல் ஒன்று ஒரு மனுஷியின் நல்ல பெயரைத் தின்றுகொண்டிருக்கிறது, எப்படித் தின்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பெருமாள் அண்ணனும் எத்தனை நாள் தாங்குவார்? மனசில்லாமல் அங்கம்மா அக்காவைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, வள்ளி என்ற பெண்ணை முதலில் கூப்பிட்டார். அன்று அங்கம்மா அக்காவின் எடை சரியாகப் பதிவானது. வள்ளியின் எடை கரைந்தது. மறுநாள் வேறொருத்தி. அவளுக்கும் அதே கதி. அதன் பிறகு கீழ்க் கொட்டகையில் முதல் ஆளாக நிற்க யாரும் தயாரில்லை. சங்கு ஊதும். கூடையோடு எல்லோரும் வருவார்கள். ஒருத்தி பின்னால் ஒருத்தி ஒதுங்குவாள். வரிசை வளைந்து வளைந்து கடைசியில் வட்டமாகிவிடும். பெருமாள் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "யாராச்சும் ஒருத்தி மொதல்ல வாங்களேம்மா" என்று கெஞ்சுவார். அதே நேரத்தில் மேல் கொட்டகையில் முதலிடத்துக்குத் தள்ளுமுள்ளு நடந்துகொண்டிருந்தது. பாப்பம்மா அக்கா கம்பளியை விரித்து இடம் பிடித்திருந்தார்.

அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய்ச் சாரிடம் சொன்னேன். "சார், தப்பு ஆள்ல இல்ல. எடத்துல இருக்கு. ரெண்டு கொட்டகையிலயும் மொதல் ஆளுக்கு மட்டும்தான் மாறுது. சங்கு ஊதுனவுடனே ரெண்டு கிராணியும் ஒண்ணா அழுத்துறாங்க. அப்புறம் அவங்கவங்க வேகத்துல போயிடுறாங்க."

சார் கியா பார்ம் சந்தையில் வாங்கி வந்த முட்டைக்கோஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "நில்லு. நீ கீழ்க் கொட்டகை, நான் மேல் கொட்டகை."

எங்கள் நிரல் ஆளின் பெயரை ஒரு வரிசையிலும் எடையை இன்னொரு வரிசையிலும் வைத்தது. முதல் பெயருக்கு முதல் எடை, இரண்டாம் பெயருக்கு இரண்டாம் எடை. மேசையில் கோப்பைகள் பெயர் வரிசை. தீப்பெட்டிகள் எடை வரிசை. சார் பாப்பம்மா அக்காவின் பெயரை முதல் கோப்பையில் வைத்துவிட்டுத் தானே நின்றார். "நீ போ" என்றார். நான் அங்கம்மா அக்காவின் பெயரை இரண்டாம் கோப்பையில் வைத்தேன். சார் இன்னும் நகரவில்லை. நான் எடையைக் கொண்டுபோனேன். எடை வரிசையில் முதல் தீப்பெட்டி காலியாக இருந்தது. அதில் வைத்தேன். அப்புறம் சார் தன் எடையைக் கொண்டுவந்து இரண்டாம் தீப்பெட்டியில் போட்டார்.

பாப்பம்மா அக்காவின் பெயருக்கு நேராக அங்கம்மா அக்காவின் எடை இருந்தது. மொத்தம் மட்டும் மாறவில்லை.

மறுநாளே துண்டு போட்டேன். பெயர் வரிசைக்கு ஒரு துண்டு, எடை வரிசைக்கு ஒரு துண்டு. பெயர்த் துண்டைப் போட்டவன் எடையையும் வைத்து முடிக்கிறவரை அதை எடுக்கக்கூடாது. அற்புதமாக இருந்தது. சங்கு ஊதியது. கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட்டது.

சார் அன்று தானா ராத்தாவில் இருந்தார். ஆபீஸ் முழுக்கக் காது கொடுத்துக் கேட்க, நான் போனில் கத்தினேன். "சார், மேல் கொட்டகை ஒரு துண்டப் பிடிச்சிக்கிட்டு விட மாட்டேங்குது. இன்னொரு துண்டு பட்டியல் அடிக்கிறவன்கிட்ட இருக்கு. அவனும் விட மாட்டேங்குறான். ஆமா சார், ரெண்டு பேரும் அப்படியே நிக்கிறாங்க." பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மறுநாள் காலையில் பாப்பம்மா அக்கா புதுத் துண்டு ஒன்றை மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "இதுக்குப் போயி சண்ட போடுவாங்களா தம்பி. கேட்டா நான் குடுக்க மாட்டனா?" என்றார்.

விஷயம் இதுதான். சங்கு ஊதியதும் துரை அதுவரையிலான பட்டியலைக் கேட்பார். எடையை வைத்துத்தான் பட்டியல் வரிசைப்படும் என்பதால், அச்சடிக்கிற நிரலில் எடைத் துண்டை முதலில் போட்டுவிட்டுப் பெயர்த் துண்டுக்குக் காத்திருக்கும்படி எழுதியிருந்தேன். செய்தி வாங்குகிற நிரல் பெயர்த் துண்டைப் போட்டுவிட்டு எடைத் துண்டுக்குக் காத்திருந்தது. சார் வந்ததும் கேட்டார், "லைன்ல பொதுக் குளியலறை உண்டா?" உண்டு என்றேன். "ஒருத்தன் உள்ள போயி கதவச் சாத்திட்டு வெந்நி வரட்டும்னு நிக்கிறான். வெந்நி வாளி வச்சிருக்கவன் அவன் வெளிய வரட்டும்னு நிக்கிறான். இந்தக் குளிர்ல யாராச்சும் குளிச்ச மாதிரிதான். மொதல்ல வாளி, அப்புறம் அறை. எல்லாருக்கும் ஒரே ஒழுங்கு." எல்லா நிரலிலும் பெயர்த் துண்டு முதலில், எடைத் துண்டு அடுத்தது என்று மாற்றினோம். நடித்துப் பார்த்தோம். சார் எந்த இடத்தில் கை தூக்கியும் மேசையில் எதுவும் இடம் மாறவில்லை.

துரைக்கு விளக்கியதும் அவர் புல்வெட்டு உத்தரவை எடுத்துவிட்டார். லைன் வீடுகளில் அந்த விளக்கம் எடுபடவில்லை. மெஷின் தப்பு செய்யும் என்பதை அவர்கள் நம்பத் தயாரில்லை. ராசி போகும் என்பதை நம்புவார்கள். அக்காவின் பெயர் மீள ஒரே வழிதான் இருந்தது. அவரே மறுபடியும் முதல் ஆளாக நிற்க வேண்டும். அன்றும் எடை கரைந்தால் அதோடு எல்லாம் முடிந்தது.

சாரும் நானும் கீழ்க் கொட்டகைக்குப் போய்க் கேட்டோம். அக்கா கூடையை இறக்கவில்லை.

"சார், சரி பண்ணிட்டீங்களா, இல்ல பண்ணிட்டதா நெனைக்கிறீங்களா?"

சுற்றிலும் பெண்கள் நின்றார்கள். சாரின் உதடு அந்தப் பழைய சொல்லுக்குத் தயாரானதை நான் பார்த்தேன். அவர் அதை விழுங்கினார்.

"சரி பண்ணிட்டேன்மா" என்றார்.

அக்கா கூடையை இறக்கித் தராசு முன்னால் வைத்தார். சங்கு ஊதியது. பெருமாள் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். கண்ணாடி வாங்கிக் கொடுத்தது வீண். நான் ஆபீசுக்கு ஓடி, பட்டியலைக் கிழித்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன். அங்கம்மா அக்காவின் பெயருக்கு நேராக அங்கம்மா அக்காவின் எடை. மேல் கொட்டகையில் பாப்பம்மா அக்காவுக்கும் அவருடைய எடையே கிடைத்திருந்தது. அவர் அதைக் கேள்விப்பட்டு, கம்பளியைத் திருப்பித் தர முடியாது என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் கீழ்க் கொட்டகையில் வட்டம் போய் மறுபடி வரிசை வந்தது. அக்காவுக்கு அடுத்த இடத்துக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.

சில மாதங்கள் கழித்து லெம்பா பெர்த்தாம் பக்கம் இன்னொரு தோட்டத்தில் அதே வேலை. அங்கே கொட்டகைகள் அதிகம். எல்லாத் துண்டுகளையும் சோதித்து முடித்திருந்தோம். திறப்பு நாளன்று காலையில் லேண்ட்ரோவரில் ஏறப்போன சார் நின்றார். எங்கோ பார்த்துக்கொண்டு, "எதுக்கும் அந்த அம்மாவையும் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார்.

அங்கம்மா அக்கா வரச் சம்மதித்தார். பின்னால் உட்கார்ந்தால் வளைவில் வாந்தி வரும் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். சார் பின்னால் கம்பிச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்தார். வாந்தி அவருக்கு வந்தது.

அங்கே துரை, பெரிய கிராணி எல்லோரும் மெஷினைச் சுற்றிக் காத்திருந்தார்கள். முகம் வெளுத்து இறங்கிய சாரையும், புதுச் சேலையில் முன்னால் நடந்து வந்த அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவங்க யாரு சார்?" என்று பெரிய கிராணி கேட்டார்.

"இவங்க கை வச்சாத்தான் நாங்க ஆரம்பிப்போம்" என்றார் சார்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எந்தப் பொத்தான் என்று கேட்டார்.